விடியப்பறத்து இருமலும் ஒரு கொப்பியும்

காலபோக வெட்டுக் காலத்தில் எங்கடை பக்கத்து எந்த வகுப்பறைக்குள் போனாலும் இருமல் கேட்கும். தை பிறந்ததில் இருந்து வயல்களில் வெட்டு மெசின் ஓடுகிறது, வைக்கல் தூசி ஊருக்குள் வருகிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள். பங்குனி வெயில் வரப் பெரும்பாலானவர்களுக்கு அது நின்றுவிடும். நிற்காத ஒன்றிரண்டு பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறவர்களுக்குப் பிள்ளைகளின் தொண்டைச் சத்தம் நல்ல பழக்கம். தடிமன் இருமல் ஒரு விதம், முட்டு இருமல் வேறொரு விதம். நான் சொல்லவரும் பிள்ளையின் சத்தம் இரண்டிலும் சேராது. சரியாகச் சொன்னால் அது செருமல். தொண்டையில் ஒட்டிக்கிடக்கிற எதையோ வெளியே எடுக்கப் பார்ப்பதுபோல் ஓயாமல் செருமும். காலையில் தேவாரம் பாடச் சொன்னால் குரல் கரகரக்கும். இடைவேளை முடிந்து வந்து அதே பிள்ளை பாடத்தைத் தெளிவாக வாசிக்கும். மறுநாள் காலை திரும்பவும் கரகரப்பு.

அப்படி ஒரு பையனின் தாயிடம் பெற்றோர் கூட்டத்தில் கதைத்தபோது அவ சொன்னது இது: "ரீச்சர், இவருக்கு முட்டு எண்டுதான் சொன்னவை. பம் அடிச்சாப் பகலிலை பரவாயில்லை. ஆனா விடியப்பறம் எழும்பி இருந்து இருமுறார். காலமை வாயிலை ஒரு புளிச்ச மணம். ராவிலை சாப்பிட்ட உடனை படுத்தா இன்னும் கூட." இதையெல்லாம் டொக்டரிடம் சொன்னீங்களா என்று கேட்டேன். வெளிநோயாளர் வரிசையில் நின்று முறை வந்ததும் "இருமல்" என்று மட்டும்தான் சொன்னாவாம். அந்த அவசரத்தில் வேறு என்ன சொல்ல வரும்?

அந்தத் தாய் என்னிடம் சொன்ன வசனங்களுக்குள் நோயைக் கண்டுபிடிப்பதற்கான பாதி வேலை முடிந்திருக்கிறது. மருத்துவரின் காதுக்கு அது போய்ச் சேரவில்லை. நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்த ஒரு விடயத்தைக் குழந்தை மருத்துவர்களிடம் கேட்டும், அவர்கள் கைக்கொள்ளும் வழிகாட்டிகளைத் தேடி வாசித்தும் வந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையையும் மூச்சுப்பாதையையும் தொந்தரவு செய்கிறதா என்பதை அறிவதில், வீட்டில் கூடப் படுத்திருக்கிறவர்களின் கண்ணும் காதும்தான் முதற் பரிசோதனை.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாப்பாடு இறங்கும் களத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தசை வளையங்கள் இருக்கின்றன. கீழே இருப்பதைக் குளத்துத் துருசுபோல நினைத்துக்கொள்ளுங்கோ: விழுங்கும்போது திறக்கும், பிறகு மூடும். அது நேரங்கெட்ட நேரத்தில் தளர்ந்தால் வயிற்றில் இருப்பது மேலே வரும். களம் அமிலத்தை ஓரளவு தாங்கும். உமிழ்நீர் அதைக் கழுவி இறக்கியும் விடும். அது மேல் வளையத்தையும் தாண்டித் தொண்டைக்கும் குரல்வளைக்கும் வந்துவிட்டால் அங்கே அந்தத் தாங்குசக்தி கிடையாது. அமிலத்தோடு பெப்சின் என்ற செரிமான நொதியமும் வருகிறது. அது தொண்டைச் சவ்வில் ஒட்டிக்கிடந்து, அடுத்த முறை அமிலம் வரும்போது திரும்ப வேலையைத் தொடங்கக்கூடியது. அதனால்தான் கொஞ்சமே வந்தாலும் குரல் கரகரக்கிறது, செருமல் வருகிறது. நெஞ்செரிவு இல்லாமலே இது நடக்கலாம். 1991 இல் அமெரிக்கத் தொண்டை மருத்துவர் ஜேமி கௌஃப்மன் 225 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட பெரிய கட்டுரைக்குப் பிறகுதான் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இதை ஒரு தனி வருத்தமாகப் பேசத் தொடங்கினார்கள். அவர் பார்த்தது பெரும்பாலும் வளர்ந்தவர்களை. பிள்ளைகளில் விடயம் இன்னும் சிக்கலானது, ஏனென்றால் நாலு வயதுப் பிள்ளைக்கு "நெஞ்சு எரியுது" என்று சொல்லத் தெரியாது. "வயித்துக்குள்ளை நோகுது" என்று தொப்புளைக் காட்டும். அல்லது ஒன்றும் சொல்லாமல் சாப்பாட்டைத் தள்ளிவைக்கும்.

கைக்குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது தாய்மாருக்கு முதலில் ஆறுதல்தான் சொல்லவேண்டும். பால் கக்குவது நோய் இல்லை. 1997 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நாலு மாதக் குழந்தைகளில் 67 சதவீதம் பேர் நாளுக்கு ஒரு தடவையாவது கக்கினார்கள். பத்து, பன்னிரண்டு மாதத்தில் அது 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பிள்ளை எழும்பி இருக்கத் தொடங்கி, கட்டிச் சாப்பாட்டுக்கு மாறும்போது பெரும்பாலும் தன்பாட்டில் நிற்கும். கக்கியபிறகும் சிரித்துக்கொண்டு, கிளினிக் கொப்பியின் வளர்ச்சிக் கோட்டில் நிறை ஒழுங்காக ஏறிக்கொண்டு இருக்கிற குழந்தைக்கு மருந்து தேவையில்லை. அந்தக் கோட்டைப் பார்க்க மெசின் ஒன்றும் வேண்டாம். மிட்வைஃப் அக்கா வீட்டுக்கு வரும்போது கொப்பியை விரித்துக் கேட்டாலே போதும்.

தாய்ப்பால் விடயத்தில் எங்கடை நாட்டுக்கு நல்ல பெயர் இருக்கிறது. 2006-07 குடித்தொகை சுகாதார அளவீட்டில் வடமாகாணம் சேர்க்கப்படவில்லை. நாங்கள் கணக்குக்கு வெளியே இருந்த காலம் அது. 2016 இல் எல்லா மாவட்டங்களையும் சேர்த்து எடுத்தபோது, ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளில் 82 சதவீதம் பேர் தாய்ப்பால் மட்டும் குடிப்பதாகத் தெரிந்தது. கக்குகிறதே என்று பயந்து அதை நிறுத்திப் பால்மாவுக்கு மாறுவது தேவையில்லாத இழப்பு. கிரைப் வோட்டர் ஊற்றுவதும் வசம்பு உரைத்து நாக்கில் தடவுவதும் இந்த வருத்தத்தை மாற்றாது. அம்மம்மாமாருக்கு இதைச் சொல்வது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். அவர்கள் செய்யக்கூடிய மிக நல்ல உதவி வேறொன்று இருக்கிறது: பால் குடித்த கையோடு ஏணையில் போடாமல், கொஞ்ச நேரம் தோளில் நிமிர்த்திப் போட்டு ஏவறை வரப் பண்ணுவது. ஏணையில் உடம்பு சுருண்டு கிடக்கும்போது வயிறு அமுங்கும். தலையணை வைத்து உயர்த்துவதும் வேண்டாம். நித்திரையில் கைக்குழந்தை மட்டமான இடத்தில், மல்லாக்க, தலையணை இல்லாமல் படுக்கவேண்டும். அமிலம் மேலே வருகிற குழந்தைக்கும் இதுதான் பாதுகாப்பு.

எப்போது யோசிக்க வேண்டும்? பால் குடிக்கும்போது புரையேறி மூச்சுத் திணறுவது, முதுகை வில்லாக வளைத்துக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கத்துவது, பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்புவது, நிறை ஏறாமல் நிற்பது. கழுத்தைத் திருகும் அந்த நிலைக்குச் சாண்டிஃபர் என்ற பெயரும் உண்டு. பார்த்தால் வலிப்பு என்றே நினைக்கத் தோன்றும். அது வருகிற நேரத்தில் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்துவைத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. பால்மா குடிக்கிற குழந்தை என்றால் பசுப்பால் ஒவ்வாமையும் இதே மாதிரித் தோன்றலாம். அதை அறிய இரண்டு முதல் நாலு கிழமைக்குப் பாலை மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள். மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிற சில குழந்தைகளுக்குக் குரல்வளைக் குருத்தெலும்பு இளகியிருப்பதும் காரணமாக இருக்கும். அது பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானாகச் சரியாகும். அப்படிப்பட்ட குழந்தைகளிடம் அமிலம் மேலேறுவதும் சேர்ந்தே காணப்படுவது வழக்கம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருவோம். இவர்களிடம்தான் பெயர் மாறிப் போகிறது. காலைக் கரகரப்பு, செருமல், தொண்டையில் எதோ நிற்கிற உணர்வு, வாய்க்குள் புளித்த தண்ணி ஊறுவது, பல்லின் உட்பக்கம் எனாமல் தேய்வது, படுத்தபிறகு வரும் வறட்டு இருமல். ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம் என்பதுதான் இந்த வருத்தத்தின் கஷ்டம். முட்டு இருமலும் விடியப்பறம்தான் கூடும். ஆகவே நேரம் மட்டும் எதையும் முடிவுசெய்யாது. முட்டும் அமிலமும் ஒரே பிள்ளையில் சேர்ந்தும் இருக்கும். மூக்கு அடைத்துச் சளி பின்பக்கமாகத் தொண்டைக்கு இறங்கினாலும் செருமல் வரும். சளியோடு நாலு கிழமைக்கு மேல் நிற்கிற ஈர இருமலுக்குப் பற்றீரியாத் தொற்று காரணமாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. செருமல் நித்திரையில் முற்றாக நின்றுபோய், ஆட்கள் பார்க்கும்போதோ பரீட்சை நேரத்திலோ கூடினால் அது ஒரு பழக்க அசைவாக இருக்கக்கூடும். அதற்கு அமில மருந்து கொடுத்துப் பிரயோசனம் இல்லை, பிள்ளையை ஏசியும் பிரயோசனம் இல்லை.

காசநோயை மறக்கக்கூடாது. வீட்டில் யாருக்காவது இருந்திருந்தால் அதை வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லுங்கோ. மாவட்டம்தோறும் மார்புநோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது. இன்னொன்று கச்சான். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்வந்த சின்னப் பிள்ளை கச்சான் சாப்பிடும்போது புரையேறி, அதற்குப் பிறகு இருமத் தொடங்கினால், ஒரு துண்டு மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். எக்ஸ்ரேயில் கச்சான் தெரியாது. "அன்றைக்குத்தான் தொடங்கினது" என்ற ஒரு வசனம்தான் அதைப் பிடித்துக் கொடுக்கும்.

இலங்கைப் பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வையும் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக் கணக்குகளையே வாசித்து அலுத்துப்போன எனக்கு அது பெரிய வெளிச்சமாக இருந்தது. ஷமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண போன்ற எங்கள் நாட்டு ஆய்வாளர்கள் 2,163 பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டு 2012 இல் வெளியிட்ட கட்டுரையில், 5.1 சதவீதம் பேருக்குச் சாப்பிட்ட சாப்பாடு சிரமமில்லாமல் வாய்க்குத் திரும்பி வருவதும், அதைத் திரும்ப மென்று விழுங்குவதும் அல்லது துப்புவதும் இருந்தது. இது அமில வருத்தம் இல்லை. சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே வரும், புளிக்காது, நித்திரையில் வராது. மருந்தை விட மூச்சுப் பயிற்சியும் பழக்க மாற்றமும்தான் இதற்கு உதவும். இருபது பிள்ளைக்கு ஒன்று என்றால் என் வகுப்பிலும் இருக்கக்கூடிய ஒன்று. "சாப்பாடு மேலே வருது" என்று பிள்ளை சொன்னால், எப்போது வருகிறது, புளிக்கிறதா என்று கேட்பது இதற்காகத்தான்.

இனி ஆஸ்பத்திரி. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உண்டு. துணுக்காய்ப் பக்கத்தாருக்கு மல்லாவி இருக்கிறது. அதற்கு மேல் என்றால் கிளிநொச்சியில் இருந்து ஏறத்தாழ 65 கிலோமீற்றர் போய் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, இன்னும் தேவைப்பட்டால் கொழும்பில் லேடி ரிஜ்வே. இவ்வளவு தூரம் போகவேண்டும் என்றதும், அங்கே ஒரு பெரிய மெசின் இருக்கும், அது எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி ஒரு மெசின் எங்கேயும் இல்லை. ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல்நோய்ச் சங்கங்கள் சேர்ந்து 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்த வருத்தத்தைத் தனியாக நின்று உறுதிசெய்யும் பரிசோதனை ஒன்றும் கிடையாது என்றே சொல்கிறது.

தொண்டைக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்த்தால் சிவப்பும் வீக்கமும் தெரியலாம். தடிமனும் ஒவ்வாமையும் புகையும் அதே சிவப்பைத்தான் உண்டாக்கும், ஒரே படத்தைப் பார்த்து இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்வதும் உண்டு. பேரியம் குடிக்கக் கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரே, குடலின் அமைப்பில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க நல்லது. சில நிமிட நேரப் படத்தில் அமிலம் மேலே வந்தது தெரிந்தாலும் அதை வைத்து நோய் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் சுகமான பிள்ளைக்கும் இடைக்கிடை வரும். ஆகத் துல்லியமானது, மூக்கு வழியாக ஒரு மெல்லிய வயரைக் களத்துக்குள் விட்டு 24 மணித்தியாலம் பதிவுசெய்வது. அமிலம் வருவதும் தெரியும், அமிலம் இல்லாத திரவம் வருவதும் தெரியும். சிறப்பு வசதி உள்ள நிலையங்களில்தான் செய்வார்கள்.

அந்தப் பரிசோதனையைப் பற்றி வாசித்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். வயர் பதிவுசெய்துகொண்டிருக்கும் அந்த ஒரு நாள் முழுக்கத் தாயும் எழுதவேண்டும்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை மணிக்கு இருமினது. வயரின் கோட்டையும் தாயின் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான், இருமலும் அமிலமும் ஒன்றாக வந்தனவா என்று பார்க்கிறார்கள். தாயின் குறிப்பு இல்லையென்றால் அந்தக் கோடுகள் இருமலைப் பற்றி அதிகம் சொல்லாது. கொழும்பில் ஒரு நாள் செய்யப்போகிற அதே எழுத்து வேலையை விசுவமடுவிலோ ஒட்டுசுட்டானிலோ வீட்டில் இருந்து இரண்டு கிழமைக்குச் செய்யலாம். அதற்கு வேண்டியது ஒரு நாற்பது பக்கக் கொப்பி.

எழுதவேண்டியது அதிகமில்லை. ராச்சாப்பாடு எத்தனை மணிக்கு, என்ன சாப்பாடு. படுத்தது எத்தனை மணிக்கு. இருமல் வந்த நேரம், இருமல் வறட்டா சளியா, எழுப்பி இருத்தினால் அடங்கினதா. காலையில் குரல் எப்படி, வாயில் புளிப்பு இருந்ததா. ஓடி விளையாடினால் வருகிறதா, புழுதியிலும் அடுப்புப் புகையிலும் கூடுகிறதா. பம் அடித்தால் எவ்வளவு நேரத்தில் குறைகிறது. வீட்டில் யார் சிகரெட் பிடிக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கோ. ஓட்டத்தோடும் புழுதியோடும் வந்து, பம்முக்குக் கேட்கிற இருமல் என்றால் முட்டின் பக்கம் சாய்கிறது. ராச்சாப்பாட்டையும் படுக்கையையும் ஒட்டி, புளிப்போடு வந்து, பம்முக்குக் கேளாமல் நிற்கிறது என்றால் மற்றப் பக்கம். முடிவு சொல்வது மருத்துவர்தான். ஆனால் இந்தக் கொப்பியை மேசையில் வைத்தால் அவருடைய கேள்விகளே மாறிவிடும்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளைகளின் கொப்பியில் என்ன வரும் என்று எனக்கு இப்போதே தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவசரச் சாப்பாடு, பிறகு ரியூசன், இடையில் மிக்சரும் சோடாவும், இரவு ஒன்பதரைக்குப் புட்டும் உறைப்புக் குழம்பும், அதற்கு மேல் ஒரு பால்தேத்தண்ணி, உடனே படுக்கை. வயிறு நிறைந்தபடி மட்டமாகப் படுத்தால் மேலே வருவதற்கு அது நல்ல வசதி. ராச்சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவந்து, படுக்கைக்கு முன் இரண்டு மூன்று மணித்தியால இடைவெளி விட்டு, தேத்தண்ணியையும் சோடாவையும் நிறுத்திப் பார்ப்பதில் ஒரு நட்டமும் இல்லை. மூன்று நாலு கிழமையில் விடியப்பறத்து இருமல் குறைந்தால் அதுவும் கொப்பியில் ஏறவேண்டிய சாட்சி. பிள்ளையின் சாப்பாட்டு நேரத்தை ரியூசன் மணிக்கூடு தீர்மானிப்பதை நாங்கள் இவ்வளவு இலேசாக ஏற்றுக்கொண்டதில் எனக்கு உண்மையான கோபம் உண்டு.

மருந்தைப் பற்றிக் கவனமாகச் சொல்லவேண்டும். நாள்பட்ட இருமலுக்கு அமில மருந்தைக் குருட்டாம்போக்கில் கொடுப்பதை ஆதாரங்கள் ஆதரிக்கவில்லை. 2009 இல் 162 கைக்குழந்தைகளில் செய்த ஆய்வில், லான்சோபிரசோல் குடித்தவர்களிலும் வெறும் போலி மருந்து குடித்தவர்களிலும் ஒரே அளவு, 54 சதவீதம் பேர்தான், குணம் கண்டார்கள். 2012 இல், முட்டு அடங்காத, ஆனால் அமில அறிகுறி இல்லாத 306 பிள்ளைகளுக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். முட்டு குறையவில்லை, சுவாசத் தொற்றுத்தான் கூடியது. 2019 இல் அமெரிக்க மார்பு மருத்துவர்களின் வழிகாட்டி, கக்குதலோ நெஞ்செரிவோ போன்ற வயிற்று அறிகுறி ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு இருமலுக்காக மட்டும் அமில மருந்து வேண்டாம் என்று தெளிவாகவே எழுதியது. வீட்டு அலுமாரியில் பழைய ரனிட்டிடின் இருந்தால் எடுத்து எறியுங்கோ. புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய மாசு அதில் கண்டதால் 2020 இல் அமெரிக்காவில் அதைச் சந்தையிலிருந்து முற்றாக எடுக்கச் சொன்னார்கள். டொம்பெரிடோன் பாணியைப் பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பக்கூடியது.

காத்திருக்கக்கூடாத அறிகுறிகளும் இருக்கின்றன. பச்சை நிறச் சத்தி, இரத்தம் அல்லது கோப்பித்தூள் நிறச் சத்தி, பிறந்து சில கிழமைகளில் ஒவ்வொரு பாலுக்கும் பீறிட்டு வரும் சத்தி, உதடு நீலமாவது, மூச்சு இடையில் நிற்பது, விலா உள்ளே இழுபடுவது, பிள்ளை சோர்ந்து தண்ணி குடிக்காமல் கிடப்பது. இதற்குக் கொப்பி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், 1990 க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் வரும். நிறை குறைவது, ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகக் கக்கத் தொடங்குவது, ஒன்றரை வயது தாண்டியும் கக்குவது நிற்காதது, இவற்றுக்கு அதே கிழமைக்குள் குழந்தை மருத்துவரைப் பாருங்கோ.

நெஞ்செரிவு தெளிவாக இருக்கிற பெரிய பிள்ளைக்கு, நாலு முதல் எட்டுக் கிழமைக்கு ஒமெப்பிரசோல் போன்ற மருந்தைக் கொடுத்துப் பார்க்க மருத்துவர் முடிவுசெய்யலாம். அது நியாயமான முறை. குணம் தெரிந்தால் அதுவும் நோயறிதலின் ஒரு பகுதி. அப்படித் தொடங்கினால், தொடங்குகிற அன்றே "டொக்டர், இதை எப்ப நிப்பாட்டுறது, எப்ப திரும்பக் காட்டுறது?" என்று கேட்டு, அந்தத் திகதியைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கோ. குடிக்கிற நாட்களிலும் இருமலைக் குறித்துக்கொண்டே வாருங்கோ. நாலு கிழமையில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அந்தப் பக்கங்களோடு திரும்பிப் போங்கோ, வேறு காரணம் தேடவேண்டிய நேரம் அது. குணம் வந்தாலும் நீங்களாக ஒரேயடியாக நிறுத்தவேண்டாம். நீண்டநாள் குடித்ததைச் சடாரென்று விட்டால் வயிறு சில நாளைக்கு முன்னையிலும் அதிகமாக அமிலம் சுரக்கும், பழைய இருமல் திரும்பிவிட்டதோ என்று வீணாகப் பயப்பட வேண்டிவரும். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதையும் அதே நாளில் கேட்டு எழுதிவையுங்கோ.